மாஸ்டடானில் மூன்று ஆண்டுகள்: பெரியம்மாவுடன் குடியேறிய கதை

2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் ஈலான் மஸ்க் கைக்குப் போனது. அடுத்த மாதமே மூட்டை கட்டியவர்களில் நானும் ஒருவன். போய்ச் சேர்ந்த இடம் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம். 2016இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட இதற்குத் தனி முதலாளி கிடையாது. ஆளாளுக்கு நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன; அவற்றில் ஒன்றைத் தேர்ந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும்.

எனக்குப் பழக ஒரு வாரம் ஆனது. ஓய்வுபெற்ற ஆசிரியையான பெரியம்மாவை அழைத்து வந்தபோதுதான் இதன் உண்மையான சிக்கல் புரிந்தது. வழக்கமான பாடத்தில் ஆரம்பித்தேன்: "ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மின்னஞ்சல் போகிறதல்லவா, அதுபோலத்தான் பெரியம்மா." அவர் சர்வர் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "நான் யாருக்கும் கடிதம் எழுத வரவில்லை. மாடித் தோட்டத்துப் படம் போட வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

2023இலிருந்து கைபேசிச் செயலி, பெரிய பொதுச் சர்வர் ஒன்றைத் தானே முன்மொழிகிறது. எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்தால் பரவலாக்கம் என்னாவது என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். நான் செயலியின் பக்கம். நான் முதலில் சேர்ந்த சிறிய சர்வரை நடத்தியவர், முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு இழுத்து மூடினார். நான் வேறு சர்வருக்குக் கணக்கை மாற்றியபோது, என்னைப் பின்தொடர்ந்தவர்கள் தாமாகவே புது முகவரிக்கு வந்துவிட்டார்கள். பழைய பதிவுகள் மட்டும் வரவில்லை. தரவிறக்கி வைத்திருக்கிறேன், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஆல்பம் மாதிரி, புது வீட்டுச் சுவரில் மாட்ட வழியில்லை.

பெரிய சர்வர் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு ஹேஷ்டேகைத் தேடினால் நம் சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகள் மட்டுமே தெரியும். சின்னச் சர்வரில் தமிழ் ஹேஷ்டேகுகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

ஆனால் ஆளை விரட்டுவது சர்வர் பட்டியல் அல்ல, வெற்றுப் பக்கம். நாம் பின்தொடர்பவர்கள் எழுதியது நேர வரிசையில் வரும். யாரையும் பின்தொடராவிட்டால் அங்கே ஒன்றுமே இருக்காது. பெரியம்மாவின் செம்பருத்திப் படத்தை மூன்று நாள் யாரும் சீண்டவில்லை. நான் லைக் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்தேன். இங்கே லைக் பதிவைப் பரப்பாது. பூஸ்ட் செய்தால்தான், அதாவது நம்மைப் பின்தொடர்பவர்களுக்கு மறுபகிர்வு செய்தால்தான், நான்கு பேர் கண்ணில் படும். அன்றே பூஸ்ட் செய்து, செடி வளர்க்கும் இருபது பேரை அவர் கணக்கில் சேர்த்தேன். மறுநாள் காலை, இலைச்சுருட்டலுக்கு வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள். அதன்பின் அவரைப் பிடித்து வைக்க நான் தேவைப்படவில்லை.

தனிச் செய்திகளைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்லி வைத்தேன்: சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும், வங்கி விவரம் எதையும் எழுதாதீர்கள்.

முதல் வாரத்திலேயே, படத்துக்கு விளக்கம் எங்கே, பார்வையற்றோர் எப்படி அறிவார்கள் என்று ஒருவர் சற்று முறைப்பாகக் கேட்டார். பெரியம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். அவருக்கோ அது கட்டுரைப் பயிற்சி. பதிவுக்கு 500 எழுத்துதான், விளக்கத்துக்கு 1500 என்று கண்டுபிடித்துவிட்டார். "இடப்பக்கத் தொட்டியில் வெண்டை, நான்கு காய். மூன்றாவது இலையில் ஓட்டை. குற்றவாளி படத்தில் இல்லை."

போன வாரம் நான் போட்ட மழைப் படத்தின் கீழே அவருடைய மறுமொழி: "விளக்கம் எங்கே?"