வேலிக்குள் மண்டலமா, நாடு தழுவிய திருத்தமா, ஒற்றை முடிச்சா? வளரும் நாட்டில் தனியார் தொழிலுக்கு வழிவிடும் மூன்று முறைகள்

வளரும் நாடு எதிலும் தனியார் தொழில் நடத்துபவரிடம் குறை கேட்டால், பட்டியல் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். மின்சாரம் நின்று நின்று வருகிறது. அடமானம் இல்லாமல் வங்கி கடன் தருவதில்லை. துறைமுகத்தில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது. உரிமத்துக்காக நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. வழக்கென்று போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. இவை அனைத்தையும் ஒரே மூச்சில் சரிசெய்யும் பணமோ ஆள்பலமோ அந்நாட்டு அரசுகளிடம் இருப்பதில்லை. ஆகவே எதில் முதலில் கை வைப்பது என்பதே உண்மையான கேள்வி. அதற்கு இதுவரை மூன்று வகை விடைகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. ஒரு நிலப்பரப்பை வேலியிட்டு அதற்குள் மட்டும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது முதலாவது. சட்டங்களையும் நடைமுறைகளையும் நாடு முழுவதற்கும் பொருந்துமாறு திருத்துவது இரண்டாவது. மூன்றாவதற்கு நல்ல பெயர்கூட இல்லை. குறிப்பிட்ட தொழில்களை நெரித்துக்கொண்டிருக்கும் முடிச்சு எதுவென்று கண்டு, அதை மட்டும் அவிழ்ப்பது. முதலிரண்டுக்கும் மாநாடுகள் உண்டு, தரவரிசைகள் உண்டு, அமைச்சர்கள் நாடா வெட்டும் புகைப்படங்கள் உண்டு. மூன்றாவதை யாரும் கொண்டாடுவதில்லை. ஆயினும் என் கணக்கில் அதுவே முந்தி நிற்கிறது.

மண்டல முறை இவற்றுள் மூத்தது. அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி 1959-இல் அமைந்த தடையிலா வணிகப் பகுதி இதன் நவீன வடிவத்துக்கு முன்மாதிரியாயிற்று. ஆசியாவில் முதல் ஏற்றுமதி மண்டலம் 1965-இல் இந்தியாவின் காண்ட்லாவில் தொடங்கியது. அரசுகளுக்கு இம்முறை பிடித்துப்போவதற்குக் காரணம் உண்டு. இது யாரையும் பகைக்காது. உள்நாட்டுச் சந்தையில் உயர்ந்த இறக்குமதித் தீர்வையின் நிழலில் வாழும் பழைய முதலாளிகளின் பாதுகாப்பு அப்படியே நீடிக்கும். உரிமம் வழங்கும் அதிகாரிகளின் நாற்காலிகள் அசையமாட்டா. வேலிக்குள் வரும் புதியவர்களுக்கு மட்டும் சாலை, மின்சாரம், சுங்க அலுவலகம், வரிவிலக்கு ஆகியவை கிடைக்கும். எவரையும் தொடாமல் செய்யப்படும் சீர்திருத்தம் என்பதுதான் இதன் வசதி. வேலிக்கு வெளியே ஒன்றும் மாறாதிருப்பதற்கும் அதுவே காரணம்.

இதற்கு எதிர்வாதமாக எப்போதும் ஷென்ஷென் முன்வைக்கப்படும். 1980-இல் சீனா அறிவித்த நான்கு சிறப்பு மண்டலங்களுள் ஒன்றான அது, சில லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியிலிருந்து 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1.75 கோடி பேர் வாழும் நகராக வளர்ந்தது. ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது வரிச்சலுகை அன்று. 1987 டிசம்பரில் ஷென்ஷெனில் ஒரு மனையின் பயன்பாட்டு உரிமை பொது ஏலத்தில் விடப்பட்டது. நிலம் முழுவதும் அரசுடைமையாகவும் கூட்டுடைமையாகவும் இருந்த, நில உரிமைக் கைமாற்றத்தை அரசமைப்பே தடைசெய்திருந்த நாட்டில் அந்த ஏலம் அன்றைய சட்டப்படி செல்லுமா என்பதே ஐயம். அடுத்த ஏப்ரலில், அதாவது நான்கே மாதங்களில், சீன அரசமைப்பு திருத்தப்பட்டு நிலப் பயன்பாட்டு உரிமையைக் கைமாற்றுவது நாடு முழுவதும் சட்டபூர்வமாயிற்று. இதற்கிடையே 1984-இலேயே 14 கடலோர நகரங்கள் வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறக்கப்பட்டிருந்தன. மண்டலம் அங்கே சோதனைக்கூடமாகப் பயன்பட்டது. சோதனையில் தேறியது வேலியைத் தாண்டி வெளியே வந்தது. ஷென்ஷெனைக் காட்டி மண்டலம் கேட்பவர்கள் பெரும்பாலும் வேலியை மட்டும் நகலெடுக்கிறார்கள், அது எப்போது கழற்றப்படும் என்ற தேதியை விட்டுவிடுகிறார்கள்.

வேலியை மட்டும் நகலெடுத்தால் நேர்வதை இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்துக்குப் பிந்தைய அனுபவம் காட்டுகிறது. அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 45,600 ஹெக்டேரில் சுமார் 28,500 ஹெக்டேர் அளவில்தான் செயல்பாடு தொடங்கியிருந்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2014 அறிக்கை தெரிவித்தது. தொழிலுக்கென்று எடுக்கப்பட்ட நிலம் மனை வணிகமாக உருமாறும் இழுப்பு எல்லா நாட்டு மண்டலங்களிலும் உள்ளதுதான். மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் மண்டலத்துக்காக நிலம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தின்மீது 2007 மார்ச் 14 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் உயிரிழந்தனர், திட்டமும் கைவிடப்பட்டது. நிலப்பிரச்சினை இல்லாத இடத்திலும் வேறொரு பலவீனம் தலைகாட்டுகிறது. எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்கா 2016-இல் திறக்கப்பட்டபோது அதன் கணக்கு, அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கு அளித்த தீர்வையில்லா இறக்குமதிச் சலுகையைப் பெரிதும் நம்பியிருந்தது. உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரி 1 முதல் அச்சலுகையை அமெரிக்கா நீக்கியதும், கட்டடங்களும் இயந்திரங்களும் இருந்த இடத்திலேயே இருக்க, ஆர்டர்கள் போய்விட்டன.

இரண்டாவது வழியின் தர்க்கம் இன்னும் நேர்மையானது. பெருநிறுவனம் வழக்கறிஞரையும் இடைத்தரகரையும் வைத்துத் தடைகளைக் கடந்துவிடும். சிறு பட்டறைக்காரர் அவற்றின் அடியில் சிக்கிக்கொள்வார். எனவே தடைகளை எல்லோருக்கும் அகற்றுவதே நீதி. இந்த வாதத்துக்குப் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் 1983-இல் ஒரு கண்கூடான சான்று கிடைத்தது. பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் ஆய்வு நிறுவனம் சிறிய தையல் பட்டறை ஒன்றை அமைத்து, லஞ்சம் கொடுப்பதில்லை என்ற உறுதியுடன், அதைச் சட்டப்படி பதிவுசெய்ய ஆட்களை அனுப்பியது. பத்து முறை லஞ்சம் கேட்கப்பட்டது; கொடுக்காவிட்டால் முயற்சியே நின்றுவிடும் என்ற நிலையில் இரண்டு முறை கொடுக்க நேர்ந்தது. பதிவு முடிய 289 நாட்கள் ஆயின. அத்தனை நாளும் தைக்காமல் அலுவலகங்களில் காத்திருக்கும் தையல்காரர் உலகில் எங்கும் இருக்க முடியாது. அதனால்தான் அவர் பதிவுசெய்வதில்லை, பதிவில்லாததால் வங்கி அவரை அறிவதில்லை.

இந்த எண்ணத்தின் வழித்தோன்றலாக உலக வங்கி 2003 முதல் ஓர் ஆண்டறிக்கையையும், பின்னர் அதனோடு எளிதாகத் தொழில் செய்யும் நாடுகளின் பட்டியலையும் வெளியிட்டது. பட்டியல் பிறந்ததும் பந்தயமும் பிறந்தது. ஜார்ஜியா ஒரே ஆண்டில் 112-ஆம் இடத்திலிருந்து 37-க்குத் தாவியது. அதைப் பொறுத்தவரை அது வெறும் காகித வித்தை அன்று. இருபதுக்கும் மேற்பட்ட வரிகளை ஆறாகச் சுருக்கி, ஊழலில் ஊறிய போக்குவரத்துக் காவல் துறையையே கூண்டோடு கலைத்த அரசு அது. ருவாண்டா 2020 பட்டியலில் 38-ஆம் இடம் பிடித்தது. இந்தியா 2015-இல் 142-ஆக இருந்து 2020-இல் 63-க்கு வந்தது. ஆனால் பட்டியல் அளந்தது பெரும்பாலும் ஒரு நாட்டின் மிகப் பெரிய வணிக நகரில், விதிமுறை அறிந்த ஒரு மாதிரி நிறுவனத்துக்கு, சட்டப்படி எத்தனை நாளாகும் என்பதையே. அதே உலக வங்கி உண்மையான நிறுவனங்களிடம் நேரில் நடத்திய ஆய்வுகளை அதனருகே வைத்துப் பார்த்த பொருளியலாளர்கள், இரண்டுக்கும் பொருத்தம் மிகக் குறைவு என்று கண்டனர்: ஒரே நாட்டில் ஒரே அனுமதிக்கு ஒருவர் சில நாட்களும் இன்னொருவர் பல மாதங்களும் காத்திருந்தனர். சட்டப் புத்தகம் ஒன்றே, ஆள் யார் என்பதுதான் வேறு. 2018, 2020 பதிப்புகளின் தரவுகளில் முறைகேடு வெளிப்பட்டபின், 2021 செப்டம்பரில் பட்டியலே கைவிடப்பட்டது.

அதற்காக நாடு தழுவிய திருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. அதற்குள் இரு வகை உண்டு. பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். ஓர் உரிமத்தை விரைவாகத் தருவது ஒன்று; அந்த உரிமமே வேண்டாம் என்று எடுத்துவிடுவது வேறொன்று. முன்னதற்குத் திறமையும் நேர்மையும் உள்ள அலுவலர்கள் ஒவ்வோர் ஊரிலும் தேவை, பின்னதற்கு ஓர் அரசாணை போதும். இந்தியா 1991 ஜூலையில் 18 தொழில்கள் நீங்கலாக ஏனையவற்றுக்குத் தொழில் உரிமமே தேவையில்லை என்று அறிவித்தது பின்வகை. வியட்நாமில் 2000 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நிறுவனச் சட்டமும் அவ்வகையே. அனுமதி கோருவது என்ற நிலை மாறி, தெரிவித்துப் பதிவுசெய்வது என்றாயிற்று, நூற்றுக்கும் மேற்பட்ட துணை உரிமங்கள் ஒழிக்கப்பட்டன. அடுத்த நான்கு ஆண்டுகளில் பதிவான நிறுவனங்கள், முந்தைய ஒன்பது ஆண்டுகளில் பதிவானவற்றைவிட அதிகம். ஒற்றைச் சாளர முறை என்ற பெயரில் பழைய பத்துச் சாளரங்களுக்கு முன்னால் பதினோராவதாக ஒன்றைத் திறந்துவைக்கும் திருத்தங்களுக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை.

மூன்றாவது வழியைப் பங்களாதேஷின் ஆயத்த ஆடைத் தொழிலில் நெருங்கிப் பார்க்கலாம். அங்கே துணி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; இறக்குமதித் தீர்வையோ அதிகம். ஏற்றுமதி செய்தபின் தீர்வையைத் திரும்பப் பெறலாம் என்பது ஏட்டளவில் சரி, ஆனால் கைமுதல் அதுவரை அரசிடம் முடங்கும். இதற்கென வந்த ஏற்பாடு சுங்கப் பிணைக் கிடங்கு. துணி தீர்வையின்றி நேரே தொழிற்சாலையின் கிடங்குக்கு வரும். வந்த அளவு ஒரு கணக்குப் புத்தகத்தில் பதியும். தைத்து அனுப்பிய சட்டைகளுக்கு எவ்வளவு துணி செலவானதோ அது கழியும். கைமுதலுக்கு இரண்டாவது ஏற்பாடு. வெளிநாட்டுக் கொள்முதலாளர் திறந்த எல்.சி. என்னும் கடன் உறுதிக் கடிதத்தையே ஈடாக வைத்து, உள்ளூர் வங்கி துணி விற்பவருக்கு இன்னொரு எல்.சி. திறக்கும், அதற்கான பணம் சட்டை விற்ற காசிலிருந்து பிற்பாடு செலுத்தப்படும். நிலமோ கட்டடமோ அடமானம் இல்லாதவரும் ஆர்டர் இருந்தால் தொழிலில் இறங்கலாம். 130 பேரைத் தென்கொரியாவில் ஆறு மாதம் பயிற்றுவித்துத் தொடங்கிய தேஷ் என்ற ஆடை நிறுவனத்திலிருந்து சில ஆண்டுகளில் 115 பேர் விலகி, சொந்த ஆலைகளிலும் புதிய ஆலைகளிலும் சேர்ந்து தொழிலைப் பரப்ப முடிந்ததற்கு இந்த இரண்டு ஏற்பாடுகளும் பெருந்துணை. நாட்டின் மின்சாரமும் நீதிமன்றங்களும் மாறவில்லை. ஆனால் பொருள் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இன்று ஆடைகள்.

மொரீசியஸ் 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் இயற்றியபோது செய்ததும் இதன் உறவுமுறைதான். பெயர் மண்டலம் என்றாலும் வேலி கிடையாது. தீவின் எந்த மூலையில் ஆலை இருந்தாலும் அந்த நிறுவனத்துக்குத் தகுதி வழங்கப்பட்டது. சலுகை நிலத்தோடு ஒட்டாமல் நிறுவனத்தோடு ஒட்டியதால் மனை வணிகத்துக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. பெண்கள் தம் ஊருக்கு அருகிலேயே வேலைக்குச் செல்லவும் முடிந்தது. இந்தோனேசியா இன்னும் துணிந்து, 1985-இல் சுங்கத் துறையிடமிருந்து சரக்குச் சோதனைப் பொறுப்பையே எடுத்து, எஸ்.ஜி.எஸ். என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சரக்கு ஏறும் துறைமுகத்திலேயே சோதனை முடிந்தது. இந்த ஏற்பாடு 1997 வரை நீடித்தது. தன் ஊழியர்களைத் திருத்த முடியாது என்று ஓர் அரசே ஒப்புக்கொண்ட அரிய தருணங்களில் அதுவும் ஒன்று.

இம்முறையின் குறைகளை மறைக்கத் தேவையில்லை. முடிச்சைத் தவறாகக் கண்டால் உழைப்பு வீணாகும். அவிழ்க்கப்பட்ட ஒரு தொழில் மட்டும் வீங்கி, மற்றவை பழைய நெரிசலிலேயே கிடக்கும். பங்களாதேஷில் உள்நாட்டுச் சந்தைக்குப் பொருள் செய்யும் சிறு பட்டறைக்காரருக்குப் பிணைக் கிடங்கு என்பது செவிவழிச் செய்திதான். செல்வாக்குப் பெற்ற தொழில் பின்னர் தன்மீதான கட்டுப்பாடுகளையும் தளர்த்திக்கொள்ளும். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தபோது, ஏற்றுமதிக்கு வழிவிட்ட அதே அரசிடம் கட்டடங்களைச் சோதிக்கப் போதிய ஆய்வாளர்கள் இல்லை என்பது வெளிப்பட்டது.

மூன்றையும் அருகருகே வைத்தால், பயன் யாருக்கு என்ற அளவில் உரிமத்தையே ஒழிக்கும் திருத்தம் முதலிடம் பெறும். கடையை இன்னும் திறக்காதவர்கூட அதன் பயனாளி. விரைவில் மண்டலம் முந்துவதுபோலத் தோன்றும், ஆனால் நிலம் எடுக்கும் ஆண்டுகளைச் சேர்த்தால் அந்த முந்தல் கரையும்; பிணைக் கிடங்குக்கு ஒரு சுற்றறிக்கையும் ஒரு பூட்டும் போதுமானவை. நிலைத்திருக்குமா என்பது மூன்றாவது அளவுகோல், முதலீட்டாளர் உள்ளூர நினைப்பதும் அதைத்தான். இந்தியாவில் 2005 சட்டத்தை நம்பி மண்டலங்களுக்குள் வந்தவர்கள்மீது, ஆறே ஆண்டுகளில், 2011 வரவுசெலவுத் திட்டத்தில், வரிவிலக்குப் பெற்றவரும் குறைந்த அளவாவது கட்ட வேண்டிய குறைந்தபட்ச மாற்று வரி விதிக்கப்பட்டது. வரிச்சலுகையாகக் கொடுத்ததை ஒரே வாக்கியத்தில் திரும்ப எடுக்கலாம். ஒழித்த உரிமத்தை மீண்டும் கொண்டுவர ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் எதிர்ப்பைத் தாண்ட வேண்டும். முடிச்சவிழ்ப்பு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: முதல் சில ஆண்டுகளில் எளிதில் பறிக்கத்தக்கது, ஆலைகள் பெருகியபின் எந்த அரசும் தொடத் துணியாதது. ஆகவே கையில் பணமும் ஆளும் குறைவாக உள்ள அரசு, ஒழிக்கக்கூடிய உரிமங்களை முதல் வாரத்திலேயே ஒழித்துவிட்டு, எஞ்சிய தன் சில நல்ல அதிகாரிகளை ஒரே ஒரு துறையின் சுங்க வாசலில் அமர்த்துவதையே நான் பரிந்துரைப்பேன். வேலி போடுவதற்கு ஒதுக்கிய தொகையைத் துணை மின்நிலையங்களுக்குத் திருப்பிவிடலாம்.