புரொஃபைல் திறக்கவில்லையா: ரெஜிஸ்ட்ரியைத் திருத்தலாமா, புதுக் கணக்குக்கே போய்விடலாமா?

பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விண்டோஸ் 'யூசர் புரொஃபைலை (உங்கள் ஃபைல்களும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்பை) லோடு செய்ய முடியவில்லை' என்று சொல்லி லாகின் திரைக்கே திருப்பி அனுப்புகிறது. சில சமயம் உள்ளே விட்டுவிட்டு, உங்கள் ஃபைல் ஒன்றுகூட இல்லாத வெறும் டெஸ்க்டாப்பைக் காட்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் மோசம். அது தற்காலிக புரொஃபைல். அங்கே உட்கார்ந்து எதைச் சேமித்தாலும் சைன் அவுட் செய்ததும் போய்விடும். அதனால் அந்தத் திரையைப் பார்த்ததும் வேலையைத் தொடங்காதீர்கள். உங்கள் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் பத்திரமாகவே இருக்கும்.

முதலில் ஒரு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இதற்குச் சமமில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் ஒரு பகுதி வட்டில் உறைந்து நின்று அடுத்தமுறை அப்படியே எழுந்து வரும். ஆன்ட்டிவைரஸ் போன்ற ஏதோவொன்று புரொஃபைல் ஃபைலைப் பிடித்து வைத்திருந்ததுதான் காரணம் என்றால் ரீஸ்டார்ட்டிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால்தான் எந்த வழி என்ற கேள்வி வருகிறது. புரொஃபைல் திறக்க இரண்டு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, உங்கள் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'என்டியூசர்.டாட்' என்ற ஃபைல். உங்கள் அமைப்புகளில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'புரொஃபைல்லிஸ்ட்' என்ற இடத்தில் உள்ள பதிவு. இந்தக் கணக்குக்கு இந்த ஃபோல்டர் என்று சொல்வது அதுதான். ரெஜிஸ்ட்ரி வழி இந்தப் பதிவை மட்டும் சரிசெய்யும். புதுக் கணக்கு இரண்டையுமே விட்டு விலகிப் போய்விடும்.

ரெஜிஸ்ட்ரி வழிக்கு அட்மின் உரிமையுள்ள வேறொரு கணக்கு வேண்டும், அல்லது விண்டோஸ் அடிப்படைகளோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடிலாவது நுழைய முடிய வேண்டும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் புரொஃபைல்லிஸ்டைத் திறந்தால் 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீளமான பெயர்கள் தெரியும். அவற்றில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்து, ஒன்றின் வாலில் மட்டும் '.பிஏகே' ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. வால் உள்ளது உங்கள் உண்மையான ஃபோல்டரைக் காட்டும். வால் இல்லாதது தற்காலிகத்தை. உள்ளே 'புரொஃபைல் இமேஜ் பாத்' மதிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புரொஃபைல்லிஸ்டை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துவிட்டு, வால் இல்லாததற்கு வேறு பெயர் கொடுங்கள், மற்றதன் வாலை வெட்டுங்கள், அதில் 'ஸ்டேட்', 'ரெஃப்கவுன்ட்' இருந்தால் இரண்டையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். நடந்துவிட்டால் வால்பேப்பர் முதல் பிரவுசர் பாஸ்வேர்டு வரை எல்லாம் இருந்தபடியே திரும்பும். வேறெந்த வழியிலும் இவ்வளவு முழுசாகக் கிடைக்காது.

வேறு கணக்கே இல்லாதவர்களுக்கு ஒன்று. லாகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் மீட்புச் சூழல் வரும். அங்குள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூசர்' கட்டளை போட்டு முடக்கி வைத்திருக்கும் அட்மின் கணக்கைத் திறக்கலாம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். போட்டால் வெற்றி என்றுதான் காட்டும், ஆனால் திறப்பது மீட்புச் சூழலின் சொந்தக் கணக்கை. உங்கள் விண்டோஸுக்கு அது தெரியவே தெரியாது. அங்கே செய்ய வேண்டியது வேறு: ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, 'லோடு ஹைவ்' மூலம் உங்கள் விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32, கான்ஃபிக் உள்ளே இருக்கும் 'சாஃப்ட்வேர்' என்ற ரெஜிஸ்ட்ரி ஃபைலை ஏற்றி, மேலே சொன்ன திருத்தத்தை அதில் செய்ய வேண்டும். டிரைவ் எழுத்து அங்கே சி ஆகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணும் கையில் வேண்டும்.

இவ்வளவும் செய்து உள்ளே போன பிறகு சில நாளில் அதே செய்தி மறுபடி வந்தால், ரெஜிஸ்ட்ரியை இரண்டாம் முறை தொடாதீர்கள். கெட்டது பதிவு மட்டுமல்ல, பெரும்பாலும் என்டியூசர்.டாட் ஃபைலே என்று அர்த்தம். அப்போது புதுக் கணக்குதான்.

புதுக் கணக்கில் வேலை எளிது, இழப்பு கொஞ்சம் உண்டு. கணக்கை உருவாக்கி, ஒருமுறை அதில் நுழைந்து வெளியே வந்து, முடிந்தால் மூன்றாவது ஒரு அட்மின் கணக்கிலிருந்து டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் நகலெடுங்கள். 'என்டியூசர்' என்று தொடங்கும் எதையும் எடுக்க வேண்டாம். எடுத்தால் நோயையும் சேர்த்துக் குடியேற்றியதாகிவிடும். புரோகிராம்களின் அமைப்புகள் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை மொத்தமாக அள்ளவும் கூடாது. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய கணக்கோடு பூட்டப்பட்டவை, ஃபோல்டரை நகலெடுத்தாலும் புது இடத்தில் திறக்காது. கூகுள் கணக்கோடு சிங்க் போட்டிருந்தால், குரோமில் மறுபடி சைன் இன் செய்ததும் வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் இதில் தேவலை, அதன் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே கொண்டுபோகலாம். பழைய ஃபோல்டரையும் பழைய கணக்கையும் கொஞ்ச காலம் விட்டு வையுங்கள். விண்டோஸின் ஃபைல் என்கிரிப்ஷன் போட்ட கோப்பு ஏதாவது இருந்தால், பழைய கணக்கை நீக்கிய பிறகு அதைத் திறக்க வழியில்லாமல் போகலாம்.

புதுக் கணக்கும் முதல் லாகினிலேயே அதே பிழையைக் காட்டினால்? அப்போது யூசர்ஸ் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் 'டிஃபால்ட்' ஃபோல்டர் பெரும்பாலும் கெட்டிருக்கும். புதுக் கணக்குகள் அதிலிருந்துதான் வார்க்கப்படுகின்றன. அதே பதிப்பு விண்டோஸ் உள்ள நல்ல கணினியிலிருந்து அதன் என்டியூசர்.டாட் ஃபைலைக் கொண்டுவந்து வைக்கலாம்.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்டேட்டுக்குப் பிறகுதான் சிக்கல் என்றால் ரெஜிஸ்ட்ரிக்கும் முன்பே விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரைப் பாருங்கள். உங்கள் ஆவணங்களைத் தொடாது, இடையில் நிறுவிய புரோகிராம்கள் போகும். ஆனால் பல கணினிகளில் அது இயக்கப்பட்டே இருக்காது. 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்ற ரீசெட், நிறுவிய புரோகிராம்கள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஒரு கணக்குச் சிக்கலுக்கு அது அதிகம்.

பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்குவது எதையும் சரிசெய்யாது, ஃபைல்களை வெளியே எடுக்க மட்டும் உதவும். ஆனால் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 'டிஸ்க்' பெயரில் எண் 7 வந்து, வட்டில் கெட்ட பகுதி இருப்பதாகச் சொன்னால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபைல்களை வெளியே எடுப்பதுதான் வேலை. ஃபைல்கள் முழுவதும் வேறொரு டிஸ்கில் ஏறும்வரை ரெஜிஸ்ட்ரி பக்கமே போகாதீர்கள்.