ஏற்காடு ஒருநாள் சுற்று: 'பத்து பாயிண்ட்' வண்டிக்குக் கொடுக்கிற காசு தேறுமா?

சேலத்தில் ஏற்காட்டுக்கு வாடகை வண்டி கேட்டால், முதலில் வரும் கேள்வி "எத்தனை பாயிண்ட் பார்க்கணும்?" என்பதுதான். பாயிண்ட் என்றால் சுற்றிப் பார்க்கும் இடம். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பாயிண்ட் ஏற ஏற வாடகையும் ஏறும். காசு கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்ற மலைமுனைகள் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. ரோஜாத் தோட்டமும் அங்கேயேதான். வண்டியை ஒரு தடவை நிறுத்தினால் நடந்தே நான்கையும் முடிக்கலாம். ஏரி, அண்ணா பூங்கா, மான் பூங்கா இன்னொரு கொத்து. ஆக, ஏழு பாயிண்டாக எண்ணப்படுவது இரண்டே நிறுத்தம். வண்டி உண்மையாகத் தேவைப்படுவது பக்கோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி, சுற்றுச்சாலை ஆகியவற்றுக்கு.

வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு இந்த வண்டிச் சேவை நல்ல சேவை. ஓட்டுநர்களுக்கு வளைவும் பழக்கம், மூடுபனியும் பழக்கம். குறை இருப்பது வரிசையில். ஒன்பது ஒன்பதரைக்குச் சேலத்தில் கிளம்பி, வழியில் டிபன், மேலே போனதும் ஏரி, படகு, சாப்பாடு, பிறகு மலைமுனைகள் என்று சுற்றினால், பார்க்க வேண்டிய ஒவ்வொன்றையும் அதற்குரிய நேரம் தப்பியே பார்ப்பீர்கள். ஏற்காடு ஊர் 1,500 மீட்டர் சுமார் உயரத்தில் மேடுபள்ளமான பீடபூமிபோலப் பரந்து கிடக்கிறது. காட்சி எல்லாம் அதன் விளிம்பில். விளிம்பின் ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு திசை பார்த்தது, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. வெயில் ஏறியபின் கீழே சமவெளியின் தூசியும் வெப்பப் புகைமூட்டமும் கிளம்பிவிடும். மதியம் பன்னிரண்டுக்கு விளிம்பில் நின்றால் வெள்ளைத் திரைதான் தெரியும்.

ஆகவே வண்டி பேசும்போதே இரண்டு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று, காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. இரண்டு, பாயிண்ட் வரிசை உங்கள் சொல்படி. பார்க்கிங், நுழைவுக் கட்டணம், மாலை ஆறுக்குமேல் காத்திருப்பு ஆகியவை வாடகைக்குள்ளா வெளியிலா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். மாலையில் லேடீஸ் சீட்டில் நிற்கும்போது இந்தப் பேச்சு வந்தால் மனம் கசந்துபோகும்.

ஏறுவதற்கு அடிவாரம் வழி, 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. வாந்தி வரும் உடல்வாகு உள்ளவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. கைப்பேசியைக் குனிந்து பார்த்தால் நான்காவது வளைவிலேயே தலை சுற்றும். குரங்குகளுக்குத் தின்பண்டம் போட வண்டியை வளைவில் நிறுத்த வேண்டாம். பின்னால் ஏறி வரும் பேருந்துக்கு அங்கே நின்று கிளம்ப இடமே கிடைக்காது.

மேலே போனதும் ஏரியைத் தாண்டி நேரே பக்கோடா பாயிண்ட். ஏரியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர், கிழக்கு விளிம்பு. கோபுரம்போல அடுக்கிய கற்குவியல்கள் இருப்பதால் இந்தப் பெயர். பக்கத்தில் ராமர் கோயில். ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளியும், நேர் கீழே காக்கம்பாடி கிராமமும் தெரியும். ஏழரைக்குள் அங்கே இருந்தால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் கீழே படிந்திருக்கும் மேகத்தின்மேல் வெயில் விழுவதைப் பார்க்கலாம். ஏற்காட்டில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதையே சொல்வோம். பாறை விளிம்பில் பனி ஈரம் காயாமல் இருக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அடுத்து சேர்வராயன் கோயில், 5,326 அடி, ஏற்காட்டின் மிக உயரமான இடங்களில் ஒன்று. மேலே மொட்டையாகப் பரந்த மைதானம், தடுக்க ஒன்றும் இல்லாத காற்று. குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும், முழங்கால் மடக்க முடியாதவர்கள் வாசலிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம். இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் குலசாமித் தலம் இது. மே மாதத் திருவிழாவில் கூட்டம் நிரம்பிவிடும், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களில் ஒதுங்கி நின்று வழிவிடுவதே முறை. அருகில் உள்ள கரடிக்குகை நெருக்கமான ஒரு பொந்து. நேரம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் இழப்பில்லை.

பாயிண்ட் பட்டியலில் சேராத சுற்றுச்சாலைதான் எங்கள் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குவது. 32 கிலோமீட்டர், இருபுறமும் காப்பித் தோட்டம், நிழலுக்குச் சில்வர் ஓக், அதன் உடம்பில் மிளகுக் கொடி. நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், முடித்துவிடாதீர்கள். மூன்று இடத்திலாவது இறங்கி இருநூறு மீட்டர் நடங்கள். மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து எட்டு பத்து நாள் கழித்துக் காப்பி பூக்கும். செடி முழுக்க வெள்ளையாகி மல்லிகை வாசம் அடிக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். நவம்பர் முதல் பழம் சிவக்கும். தோட்டம் தனியார் சொத்து, அறுவடை என்பது அவர்களின் ஓராண்டு வருமானம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள், பழத்தைப் பறிக்க வேண்டாம். விடிகாலையிலும் இருட்டும் வேளையிலும் காட்டெருமை சாலைக்கு வரும். ஹாரன் அடிக்காமல், முன்விளக்கைத் தணித்து, முப்பது மீட்டர் தள்ளியே நின்றால் அதுவாகப் போய்விடும். மிரண்டால் பாய்வது அதன் குணம். பைக்கில் வருபவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

கிளியூர் அருவிக்கு இறங்கும் முன் ஏரியின் உபரிநீர் வழிகிறதா என்று பாருங்கள். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மூன்று கிலோமீட்டர் போய் முந்நூறு அடி அருவியாக விழுகிறது. ஏரி வழியவில்லை என்றால் கீழே பாறையில் ஈரக்கோடு மட்டுமே இருக்கும். இதைச் சொல்லாமல் அருவியைப் பாயிண்டில் சேர்ப்பது ஏப்ரலில் வரும் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம். படிகள் செங்குத்து. இறங்கப் பதினைந்து நிமிடம் ஆனால் ஏற அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். மேலே மேகம் கறுத்தால் குளியலை நிறுத்திவிட்டு ஏறிவிட வேண்டும். ஏரிப் பக்கம் கொட்டும் மழை இங்கே வெள்ளமாக வந்து சேரக் கொஞ்ச நேரமே ஆகும்.

வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தை ஏரிக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் ஒதுக்குங்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இது. பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடியும், தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆர்க்கிட் பூக்காத மாதத்தில் தண்டும் இலையும்தான், அதற்குத் தயாராகப் போங்கள். படகு இல்லத்தில் துடுப்பு, பெடல், மோட்டார் படகுகள் உண்டு. ஞாயிறு வரிசை நீளம். மிதவைச் சட்டையைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு, வாரை இறுக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள் ஒண்டிக்கடைச் சந்திப்புப் பக்கம் காப்பித்தூள் வாங்குவதாக இருந்தால் சிக்கரி எவ்வளவு, வறுத்தது எப்போது என்ற இரண்டு கேள்வி போதும். பதில் சொல்லாத கடையைத் தாண்டிப் போங்கள். மிளகை ஒரு பிடி தண்ணீரில் போட்டால் நல்ல மணி மூழ்கும், சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும்.

லேடீஸ் சீட் மாலைக்கு உரியது. தென்மேற்கு விளிம்பு. சூரியன் இறங்கி, கீழே சேலம் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி, ஊரே மின்னத் தொடங்கும்வரை அரைமணி நேரம் உட்கார வேண்டும். ஐந்து நிமிடப் புகைப்பட நிறுத்தமாக இதை முடிக்கும் வண்டிக்குப் பாதி மதிப்பெண்தான். மேட்டூர் அணையைப் பார்ப்பது நோக்கம் என்றால் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முந்தின நாள் மழை பெய்த மறுநாள் காலை, சூரியன் முதுகுப்புறம் இருக்கும்போதுதான் தொலைநோக்கியில் நீர்ப்பரப்பு பிரிந்து தெரியும்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஓட்டுநராக இருந்தால் கூச்சப்படாமல் தடுத்துச் சொல்லுங்கள். பாரம் முழுக்க பிரேக்கில் இறங்கி, ஆயில் கொதித்து, மிதி பஞ்சுபோல ஆகிவிடும். ஸ்கூட்டரில் கியர் கிடையாது, வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடுவதால் என்ஜின் பிடிமானமும் கிடைக்காது. ஆகவே ஐந்தாறு வளைவுக்கு ஒரு முறை அகலமான இடத்தில் பத்து நிமிடம் நிறுத்த வேண்டும். கருகல் வாசம் வந்தால் இன்னும் அதிக நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். மூடுபனி இறங்கியிருந்தால் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீமில், ஓரக் கோட்டைப் பார்த்தபடி இறங்குங்கள். அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் குப்பனூர்ப் பாதை இருக்கிறது. போக்குவரத்து குறைவு, சாலை ஒடுக்கம். பழக்கமில்லாதவர்கள் பகலிலேயே அதில் இறங்கிவிடுவது நல்லது.