கீரியா, சூரையா, டின் மீனா? திருகோணமலைச் சமையலறையிலிருந்து ஓர் அலசல்

விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் கீரிமீன் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிவிடும், பெரிய மீனான அறக்குளா ஏறும். அறக்குளா கிடைக்காவிட்டால் சூரையாவது வேண்டும். கீரியும் சாளையும் சூடையும் வீட்டாருக்கு மட்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, சின்ன மீனைத் தட்டில் வைக்க நாம் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புரதத்தை மட்டும் கணக்கிட்டால் சூரை சற்று முன்னே நிற்கும். நூறு கிராம் சூரையில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். கீரியும் சேர்ந்த சாளை வகையில் 20 கிராமுக்குக் கிட்ட. இந்த வித்தியாசம் ஒரு அகப்பை பருப்புக் கறியில் சரியாகிவிடும். கல்சியத்தில்தான் ஆட்டம் மாறுகிறது. முள்ளோடு சாப்பிடும் டின் சாளையில் நூறு கிராமுக்கு 380 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது. சூரைத் துண்டில் 30 மில்லிகிராம் தேறுவதே கடினம். இதயத்துக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் சாளைக் குடும்பத்தில் தாராளம். சூரை கொழுப்புக் குறைந்த மீன். ஆனால் முள்ளை எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு கீரியில் கல்சியம் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. நெத்தலியையும் சிறு சூடையையும் மொறுமொறுவென்று பொரித்து முழுதாக மென்றால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

சூரையோடு எனக்கொரு பழைய கோபமும் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் மத்தியானம் ஒரு மணிக்கு, வெயில் விழும் பலகையில் கிடந்த சூரையை மலிவு என்று வாங்கி வந்தேன். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் என் முகம் சிவந்து, கழுத்தெல்லாம் தடித்து, தலை இடித்தது. மீன் ஒவ்வாமை என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அது ஹிஸ்டமின். குளிரில் வைக்காத சூரையின் சதையில் பக்டீரியா உண்டாக்கும் பொருள் அது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது, நாற்றத்தைக் கொண்டும் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. கீரிக்கும் சாளைக்கும் இதே ஆபத்து இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் இரவு பிடித்துக் காலையில் கரை சேர்பவை. சூரையோ பலநாள் படகில் வாரக்கணக்கில் ஐஸில் கிடந்து வந்ததாக இருக்கலாம். ஆகவே எந்த மீன் என்பதற்கு முன், எத்தனை மணிக்கு வாங்குகிறோம் என்பதைப் பாருங்கள். பூவை, அதாவது செவுளை, விரித்தால் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழுந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்திய பள்ளம் உடனே மேலே வர வேண்டும். பத்து மணிக்குப் பிறகு ஐஸ் இல்லாத பலகைப் பக்கம் நான் போவதில்லை.

கடலுக்கு எது பாரம் என்று கேட்டால், எரிபொருளிலிருந்து தொடங்கலாம். கரையோரத்தில் வலை போட்டுக் காலையில் திரும்பும் சிறு படகுக்கு மண்ணெண்ணெய் போதும். ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகு டீசலைக் குடிக்கும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானபோது சிறு படகுக்காரர்தான் முதலில் கரையில் குந்தினார். சின்ன மீனுக்கு இருந்த ஏழைகளின் மீன் என்ற பெயர் அன்றோடு கொஞ்சம் பழசாகிப்போனது. சின்ன மீன்கள் விரைவில் பெருகுபவை, அதனால் பிடித்தாலும் ஈடுகொடுக்கும். சாதாரணச் சூரையும் அப்படித்தான். மஞ்சள் செட்டைச் சூரையின் கதை வேறு: அது அளவுமீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015இல் அறிவித்து, பின்னர் பிடிப்புக்கு வரம்பும் விதித்தது.

இதுவரை கீரிக்கே வெற்றி என்று எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் எங்கள் ஊர்க் கடலில் டைனமைட் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் வெடிபொருளைத் தடை செய்திருந்தும், கூட்டமாக ஓடும் சின்ன மீனுக்குள் வெடியை எறிகிற பழக்கம் ஒழியவில்லை. அப்படி வந்த ஒரு மீனை ஒருமுறை வெட்டியிருக்கிறேன். வெளியே செதிள் பளபளவென்று குறையில்லாமல் இருந்தது. வயிற்றைக் கீறியதும் உள்ளே உறைந்த இரத்தம்; நடுமுள் பாதியில் முறிந்து, சதை முள்ளை விட்டுத் தானாகக் கழன்று வந்தது. அந்த வெடி மீனோடு நிற்பதில்லை. குஞ்சும் முட்டையும் பவளப் பாறையும் சேர்ந்தே போகின்றன. திரண்டு வளரும் பாறைப்பவளம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவை 2003இல் தேசியப் பூங்காவாக்கியதே அந்தப் பவளத்துக்காகத்தான். ஆகவே கீரி நல்ல மீன் என்ற என் தீர்ப்பில் ஒரு நிபந்தனை சேர்கிறது: வலையில் பிடித்த கீரி. “எந்த வலை அண்ணன்?” என்று கேட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்புவார்கள். முகத்தைத் திருப்புபவரிடம் வாங்குவதில்லை.

டின் மீனைக் குறைத்துச் சொல்லப் பலருக்கும் ஆசை. எனக்கில்லை. வாடைக்காற்று எழும்பினால் கார்த்திகை, மார்கழியில் படகு இறங்காத நாட்கள் பல. இருக்கிற மீனும் கைக்கு எட்டாத விலை. அப்போது டின் மீன் முள்ளும் மெத்தென்று வெந்து, கல்சியத்தோடு வந்து நிற்கிறது. டின்னில் 425 கிராம் என்ற பெரிய எழுத்தை மட்டும் நம்பாமல், சாறு வடித்த எடையையும் பாருங்கள். உப்பும் கூட, அந்தச் சாற்றைக் கறியில் ஊற்றினால் தனியே உப்புப் போட வேண்டியதில்லை. தூரதேசத்திலிருந்து கப்பலில் வருவதும் தகர டப்பா குப்பைக்குப் போவதும் அதன் குறைகள். கருவாடு ருசியில் எல்லாவற்றையும் வெல்லும். ஆனால் நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் நில்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, இரத்த அழுத்தக்காரர் உள்ள வீட்டில் அது தொட்டுக்கொள்ள மட்டும்தான்.

கடைசியாகச் சுறா. போன மாதம் என் பெறாமகள் பிள்ளை பெற்று வீடு வந்தாள். பால் சுரக்கப் பால்சுறா வறை வேண்டும் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். பாதரசம் சின்ன மீனில் சிறிதாகப் புகுந்து, அதைத் தின்னும் மீனில் கூடி, உச்சியில் இருக்கும் சுறாவில் திரண்டு நிற்கிறது. தொழிற்சாலைக் கழிவு கடல்வழியாகத் தட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் மினமாட்டா 1956இல் உலகுக்குக் காட்டியது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. பால்சுறா சிறியது, பெரிய சுறா அளவுக்குப் பாதரசம் சேர்ந்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் சுறா இனமே மெல்லப் பெருகுவது. அதைச் சட்டிக்குள் போடாமலும் பாலூட்டும் தாய்க்கு வேண்டியதைக் கொடுக்கலாம் என்று நான் வாதாடினேன்.

“சுறா இல்லாத பத்தியமா? உனக்கு என்னடி தெரியும்” என்றார் அக்கா. அன்று மத்தியானம் நெத்தலிச் சொதிதான் வைத்தேன், உள்ளியும் மிளகும் தட்டிப் போட்டு. பெறாமகள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அக்கா அடுத்த நாள் காலையும் சந்தைக்குப் போய்ச் சுறா விசாரித்துவிட்டுத்தான் வந்தார்.