பழைய ஒரு மைல் தாள்களும் மெட்டல் டிடெக்டரும்: மதுரையில் கிடைக்கும் ஒரு வரைபடச் சேவை

மண்ணில் கிடக்கும் பழைய காசு போன்றவற்றைத் தேடி மெட்டல் டிடெக்டரோடு கிராமப்புறங்களில் சுற்றுபவர்கள் மதுரை வட்டாரத்தில் மிகச் சிலரே. அந்தச் சிலருக்குள் அண்மைக் காலமாக அதிகம் பேசப்படுவது, நகருக்குள் இருக்கும் ஒரு நகல் நிலையம் தருகிற பழைய வரைபடச் சேவை. இந்திய நில அளவைத் துறை ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் முன்பு வெளியிட்ட தாள்களை ஸ்கேன் செய்து, பெரிய காகிதத்தில் அச்சிட்டும், இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திக் கைப்பேசியில் திறக்கும் கோப்பாகவும் கொடுக்கிறார்கள். நான் வாங்கியவை இரண்டு: மதுரை நகரும் அதைச் சுற்றிய ஊர்களும் அடங்கிய 58 கே/1 என்ற எண்ணுள்ள தாள், மேலூர்ப் பகுதியைக் காட்டும் 58 ஜே/8. அச்சுக்காக இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோப்பை அப்படியே நம்பி யாரும் வயலில் இறங்க வேண்டாம்.

முதலில் அச்சைப் பற்றி. மூலத்தில் பழுப்பாக இருந்த சமஉயரக் கோடுகளும் நீலமாக இருந்த நீர்நிலைகளும் நகலில் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனியே தெரிகின்றன. எறும்பளவு எழுத்தில் உள்ள ஊர்ப் பெயர்களையும் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது. தேடுபவருக்கு வேண்டியவை பெரும்பாலும் இந்தச் சிறு குறிகளில்தான் இருக்கின்றன. கண்மாய்க் கரையை ஒட்டிப் போய் இன்று கருவேலங்காட்டுக்குள் மறைந்துவிட்ட வண்டிப்பாதை, இரண்டு ஊர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் கிணறு, பயணிகள் விடுதி, சந்தை கூடிய பொட்டல், ஆற்றைக் கடக்கும் துறை என்று மனிதர்கள் நின்ற, இறங்கிய, காசைக் கைமாற்றிய இடங்களை எல்லாம் அளவையாளர்கள் பொறுமையாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். இன்றைய செயற்கைக்கோள் படத்தில் இவற்றில் பாதி வெறும் வயலாகத் தெரியும்.

தாளின் காலத்தைத் தெரிந்துகொள்வதும் அவசியம். மதுரைத் தாளில் போடிநாயக்கனூர் ரயில் பாதை இல்லையென்றால் அதன் அளவை பெரும்பாலும் 1928-க்கு முந்தையது என்று கொள்ளலாம். மேலூர்ப் பக்கம் பெரியாறு பிரதான கால்வாய் வரையப்பட்டிருந்தால் அது 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டதற்குப் பிந்தையது. கால்வாய் வந்த பிறகு புஞ்சைகள் நஞ்சையாகின, பாதைகள் விலகின, களத்துமேடுகள் இடம் மாறின. ஆகவே ஒரே பகுதிக்குக் கால்வாய்க்கு முந்தைய தாளும் பிந்தைய தாளும் கிடைத்தால் இரண்டையும் வாங்குவது நல்லது. நிலையத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் ‘வெள்ளைக்காரன் காலத்து மேப்’ என்ற ஒரே பெயரில்தான் தருகிறார்கள்.

இனி கோப்பு. பழைய தாள்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியின் ஜிபிஎஸ் வேறொரு நீள்கோளத்தைக் கொண்டது. தாளின் ஓரத்தில் உள்ள எண்களை எந்தத் திருத்தமும் இல்லாமல் அப்படியே கணினிக்குக் கொடுத்தால், நம் பகுதியில் படம் சுமார் இருநூறு மீட்டர் தள்ளி உட்காரும். எனக்குக் கிடைத்த இரண்டு கோப்புகளிலும் அதுதான் நடந்திருக்கிறது. 1905-க்கு முந்தைய தாள்களில் நிலைமை இன்னும் மோசம்: சென்னை வானாய்வு நிலையத்தின் தீர்க்கரேகையைப் பழைய கணக்கில் எடுத்துக்கொண்டதால், அவற்றின் கிழக்குத் தீர்க்கரேகைகள் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் மிகையாக இருக்கும். மதுரையில் அது நான்கு கிலோமீட்டருக்கு மேல். ஓர் ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்கே போய்விடலாம்.

திருத்துவது கடினமல்ல. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தாளைத் திறந்து, அன்றும் இன்றும் அசையாத புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் போதும். சாலையையும் ஆற்றையும் நம்பக் கூடாது. வைகையின் மணல்கரையே இடம் மாறியிருக்கிறது. நான் எடுத்துக்கொண்டவை கண்மாய்க் கரை வளையும் முனைகள், மிகைநீர் வெளியேறும் கலுங்குகள், கோயில் கோபுரம், பாறைக் குன்றின் உச்சி ஆகியவை. மேலூர்த் தாளில் ஒரு கண்மாயின் கரை முழங்கை போல ஒடிந்து திரும்புகிறது. அந்த ஒடிவு இன்றைய படத்திலும் அச்சாக அப்படியே இருப்பதால், அதை வைத்தே மற்றப் புள்ளிகளைச் சரிபார்க்க முடிந்தது. (ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுவது வேண்டுமென்றேதான், மண்வெட்டியோடு போகிறவர்களும் இதைப் படிப்பார்கள்.)

திருத்திய பிறகு பழைய வண்டிப்பாதையைத் தேடிப் போகும்போது, டிடெக்டரில் இரும்பை ஒதுக்கும் அமைப்பை முதலில் நிறுத்தி வைப்பது பயன் தரும். இரும்பு குப்பை என்பது வழக்கமான கருத்து. ஆனால் மாட்டு லாடமும் வண்டிச் சக்கரத்தின் கடையாணியும் ஒரே வரிசையாகக் கிடைத்தால், பாதை அங்கேதான் போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பாதை உறுதியான பின் இரும்பை ஒதுக்கிவிட்டு, அதன் ஓர நிழல்களிலும் கிணற்றடியிலும் தேடலாம். சாதாரணக் கருவி ஒற்றைக் காசை ஒரு சாணுக்குக் கீழே பிடிப்பது அரிது. உழுத நிலத்தில் அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முந்தைய இடைவெளி ஏற்றது. எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் 1957-க்குப் பிந்தைய நயா பைசாக்களும் அலுமினியக் காசுகளும்தான். நடுவே குட்கா பாக்கெட்டின் தகடு ஏராளம்.

இந்த நிலையத்தின் விளம்பரத் தாளில் ‘புதையல் தேட உதவும்’ என்ற வரி இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த காசையும் தொல்பொருளாகவே கருதுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த பழைய காலணாக்கூட அதில் அடங்கக்கூடும். மதுரையிலிருந்து சற்றுத் தொலைவில் கீழடியில் என்ன கிடைத்தது என்பதை நாடே பார்த்தது. பள்ளிச்சந்தைத் திடல் என்று ஊரார் அழைத்த தென்னந்தோப்பு மேடுதான் அது. ஆகவே தாளில் திடல், மேடு, பாழ் நத்தம் (கைவிடப்பட்ட குடியிருப்பு) என்று எதைக் கண்டாலும், தரையில் பழங்காலக் கருப்பு சிவப்புப் பானை ஓட்டுச் சில்லு சிதறிக் கிடந்தாலும், அது கருவியை அணைத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டிய இடம். மற்ற இடங்களிலும் பட்டாதாரரின் சம்மதம் வேண்டும்; யாருடைய நிலம் என்பதைத் தமிழக அரசின் இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

செலவு செய்ய விரும்பாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட 1:250,000 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஆனால் அந்த அளவில் கிணறோ மடையோ தெரியாது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களையும் பதிவு செய்துகொண்டு பெறலாம். அவை புதியவை என்பதால், பழைய தாளோடு ஒப்பிட்டு மறைந்தது எது என்று பார்க்கத்தான் பயன்படும். பழைய ஒரு மைல் தாளுக்கு மாற்று இவை எதுவும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கோப்பை விட்டுவிட்டு அச்சையும் வெறும் ஸ்கேனையும் மட்டும் கேட்கலாம், விலையும் குறையும். அதோடு, தாளின் நான்கு ஓரங்களையும் வெட்டாமல் தரும்படி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிடும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. அளவை நடந்த ஆண்டும் தீர்க்கரேகைத் திருத்தமும் அச்சாகியிருப்பது அந்த ஓரத்தில்தான்.