எக்ஸா, இசட்டா, கியூவா: ஸ்கிராபிள் ஆட எதை முதலில் மனப்பாடம் செய்வது?

ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி எடுக்கும் ஸ்கிராபிளைப் பழக ஆரம்பித்தவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: கியூவுக்குப் பின்னால் யூ வராத சொற்கள். மதுரையில் எனக்குத் தெரிந்து ஆடுகிற பாதிப் பேர் அந்தப் பட்டியலைத்தான் போனில் வைத்திருக்கிறார்கள். என் கட்சி வேறு. முதலில் எக்ஸ், அடுத்தது இசட், கியூவில் இப்போதைக்கு ஒரே ஒரு சொல். ஜேவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் 100 கட்டைகள். அவற்றில் கியூ, இசட், ஜே, எக்ஸ் ஆகியவை தலா ஒன்றுதான். கியூவுக்கும் இசட்டுக்கும் 10 புள்ளி, ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8. புள்ளியை மட்டும் பார்த்தால் எக்ஸ் பின்தங்கியதாகத் தெரியும். ஆனால் ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளோடும் ஈரெழுத்துச் சொல் தருவது இந்த நான்கில் எக்ஸ் மட்டும்தான். ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ், எக்ஸ்-ஐ, எக்ஸ்-யூ. முதல் மூன்றும் கோடாரி, 'முன்னாள்', காளை. எக்ஸ்-ஐ ஒரு கிரேக்க எழுத்து, எக்ஸ்-யூ வியட்நாமியச் சில்லறைக் காசு. ஐந்தும், செல்லுபடியாகும் சொற்களின் அமெரிக்கப் பட்டியலிலும் உண்டு, காலின்ஸ் அகராதிப் பட்டியலிலும் உண்டு.

இதன் லாபத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். பலகையில் ஏற்கெனவே ஒரு ஏ இருக்கிறது. அதற்கு நேர் கீழே, எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டம். அங்கே எக்ஸ் விழும்படி குறுக்கே இ-எக்ஸ் வைக்கிறீர்கள். குறுக்கே 24-உம் 1-உம் சேர்ந்து 25. நெடுக்கே ஏ-எக்ஸ், அதற்கும் 25. இரண்டே கட்டையில் 50 புள்ளி! இதற்கு அகராதியைக் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை.

இசட்டில் இதே வேலையை இசட்-ஏ, இசட்-ஓ இரண்டும் செய்யும். முதலாவது பீட்சாவைச் சுருக்கி அமெரிக்கர்கள் சொல்வது, இரண்டாவது இமயமலைப் பக்கத்துக் கலப்பின மாடு. காலின்ஸில் நமக்குப் பழகிய சொற்களும் இசட்டில் கிடைக்கும். விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் தினம் கேட்கும் 'ஜரி' செல்லும். பழைய பத்திரங்களில் 'மதுரை ஜில்லா' என்று இருக்குமே, அந்த ஜில்லாவும் செல்லும், ஒரு எல் போட்டாலும் இரண்டு எல் போட்டாலும்.

சரி, கியூவுக்கு வருவோம். அதைக் கையில் வைத்திருப்பவரை முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம். செல்லூரில் ஒரு நண்பர் கட்டையை எடுத்ததுமே கையிலுள்ள ஏழு கட்டைகளை நிறுத்தும் தாங்கியின் வலது ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். மற்ற ஆறும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அது மட்டும் அசையாது.

"என்ன மாப்ள, கியூ வந்துருச்சா?"

"உனக்கெப்படி மச்சான் தெரியும்?"

அவர் யூவுக்குக் காத்திருப்பார். மொத்தம் இருப்பதே நான்கு யூதான். காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஆறு கட்டைகளோடுதான் ஆடுகிறார். கடைசிவரை கியூ கையிலேயே தங்கிவிட்டால் அவருக்கு 10 கழியும், ஆட்டத்தை முடித்தவருக்கு 10 கூடும். ஆக வித்தியாசம் 20.

அவருக்குத் தேவை கியூ-ஐ. சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் இந்தச் சொல்லை 'ச்சீ' என்றுதான் உச்சரிக்க வேண்டும். நல்ல கட்டத்தில் வைத்தால் எதிராளி வாயிலிருந்தும் அதேதான் வரும். ஐ கட்டைகள் ஒன்பது இருப்பதால் யூவைவிட இது எவ்வளவோ சுலபம்.

கியூவின் நீண்ட பட்டியல் வீண் என்று சொல்லவில்லை. மதுரைக்காரர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். காஜிமார் தெருவின் காஜி ஆங்கிலத்தில் கியூ-ஏ-டி-ஐ. அதே நான்கு எழுத்தை மாற்றிப் போட்டு கியூ-ஏ-ஐ-டி என்று வைத்தால் 'காயிதே மில்லத்' என்பதில் வரும் காயித், அதாவது தலைவர். கை ஒன்று, சொல் இரண்டு; பலகையில் எது பொருந்துகிறதோ அதை வைக்கலாம். தலாக், பர்கா, நிகாப், ஃபகீர், கவ்வாலி எல்லாம் செல்லும். காலின்ஸில் குருமாவைக் கியூ போட்டும் எழுதலாம், கே போட்டும் எழுதலாம். பரோட்டாவுக்கு ஊற்றுவது எந்த எழுத்தில் இருந்தால் என்ன, பலகையில் கியூ போட்ட குருமாவுக்கு 16 புள்ளி. ஆனால் இவற்றுக்கெல்லாம் நான்கைந்து எழுத்து சரியாக அமைய வேண்டும். அதனால்தான் இந்தப் பட்டியலைப் பின்னால் தள்ளுகிறேன்.

ஜே ஒரு தலைவலி. ஈரெழுத்தில் ஜே-ஓ, காலின்ஸில் ஜே-ஏ, அவ்வளவுதான். ஜேயில் முடியும் தாஜ், ராஜ், ஹஜ் மூன்றும் நம் பக்கத்துச் சொற்களாக இருப்பது ஓர் ஆறுதல்.

இன்னொரு கட்சியும் உண்டு: பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு, ஏழு கட்டையையும் ஒரே மூச்சில் இறக்கப் பழகு என்பார்கள். போட்டிக்குப் போகிறவர்களின் வழி அது. ஆர், இ, டீ, ஏ, ஐ, என், எஸ் ஆகிய ஏழும் வந்தால் ரிடெயின்ஸ், நாஸ்டியர், ஸ்டெயினர், ரெட்சினா என்று ஒரே கையில் பல சொற்கள். எல்லாமே ஒற்றைப் புள்ளிக் கட்டைகள்தான், மொத்தமே 7. ஆனால் ஏழையும் ஒரே முறையில் இறக்கியதற்கு 50 ஊக்கப்புள்ளி சேர்ந்து 57 ஆகிவிடும். மேலே சொன்ன எக்ஸ் ஆட்டத்தையே இது முந்துகிறது. ஆனால் இதற்கு மாதக்கணக்கில் உட்கார வேண்டும். எக்ஸின் ஐந்து சொற்களை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆடுகிறவருக்கு எது தோது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒளிந்திருக்கும் சொல்லை ஊகிக்கும் வேர்டில் (Wordle) ஆட்டத்தை மட்டும் ஆடுகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவுமே உதவாது. அங்கே எழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு. இ, ஏ, ஆர், டீ போன்ற அடிக்கடி வரும் எழுத்துகளோடு தொடங்குவதுதான் அங்கே வழி.

ஆட உட்காரும் முன் எந்த அகராதி என்று பேசிக்கொள்ளுங்கள். இந்தியாவில் போட்டிகள் காலின்ஸ் பட்டியலை வைத்துத்தான் நடக்கின்றன. போனில் இருப்பது அமெரிக்கப் பட்டியலாகவும் இருக்கலாம். இசட்-ஓவும் ஜே-ஏவும் அதில் கிடையாது.