கே67 கேப்ஸ்யூலுக்கு வரும் வெள்ளை பிளாஸ்டிக் மவுண்ட்: வாங்கலாமா?

நியூமன் கம்பெனியின் யூ67 மைக் பாணியில் வீட்டில் ட்யூப் மைக் கட்டுகிறவர்கள் இஎஃப்86 ட்யூபுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் காசை அள்ளி விடுவார்கள், ஒலியைப் பிடிக்கும் கேப்ஸ்யூலைத் தாங்குகிற துண்டுக்கு, அதாவது மவுண்டுக்கு வரும்போது மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். அது வெறும் ஸ்டாண்டு என்ற நினைப்புதான் காரணம். யூ67-இல் இருக்கும் கே67 வகை கேப்ஸ்யூலில் மவுண்டின் பக்கவாட்டு ஸ்க்ரூ நேராகப் பித்தளை பின்தகட்டில் (ஒலிக்கு அதிரும் படலத்துக்குப் பின்னால் இருக்கும் தகடு) ஏறுகிறது, பெரும்பாலும் அந்த ஸ்க்ரூவிலேயே ஒயரையும் மாட்டுவோம். அதனால் பின்தகட்டுக்கும் மைக்கின் உலோக உடம்புக்கும் நடுவே இருக்கும் இன்சுலேஷனே இந்த மவுண்ட்தான். சர்க்யூட்டில் நூற்றுக்கணக்கான மெகாஓம் ரெசிஸ்டர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அது; மின்சாரம் லேசாகக் கசிந்தாலும் மைக்கில் படபடவென்று இரைச்சல் பொரியும்.

அந்த விஷயத்தில் ஆன்லைனில் வாங்கிய இந்த மவுண்ட் ஏமாற்றவில்லை. கேப்ஸ்யூலும் ஒரு கெப்பாசிட்டர்தான், அதனால் அதற்குப் பதில் அதே அளவு பிகோஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு) உள்ள நல்ல கெப்பாசிட்டர் ஒன்றை மாட்டி இரைச்சலைக் கேட்டேன், பிறகு அதன் ஒரு காலை மவுண்டின் ஸ்க்ரூ வழியாகக் கொண்டுபோய்க் கேட்டேன், வித்தியாசம் தெரியவில்லை, அடைமழை நாளிலும் அப்படியே. ஆனால் வந்தவுடன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், அப்புறம் விரல் படாமல் மாட்டுங்கள். விரல் எண்ணெயும் சால்டர் வைக்கும்போது ஒட்டும் ஃப்ளக்ஸ் மிச்சமும் எவ்வளவு நல்ல பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும்.

குறை என்றால் கேப்ஸ்யூலை இருபுறமும் பிடிக்கும் மவுண்டின் இரண்டு கைகளுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். ஸ்க்ரூவை இறுக்க இறுக்க கைகள் உள்ளே வளைகின்றன. மெல்லிய நைலான் வாஷரை இடுக்கில் போட்டு, ஸ்க்ரூவைத் தொட்டு நிற்கிற அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும், கேப்ஸ்யூல் எங்கும் ஓடிவிடாது. உயரமும் போதவில்லை. கேப்ஸ்யூலின் நடு வலைக்கூண்டின் நடுவுக்கு வராமல் கீழே இருக்கும் தட்டையான உலோகத்தை ஒட்டி நின்றது, அங்கே பட்டுத் திரும்பும் ஒலி குரலின் நிறத்தை மாற்றும். கீழே நைலான் ஸ்பேசர் வைத்து ஏற்றிவிட்டேன். விற்பவர் பக்கத்தில் உயரத்தை ஒரு வரி போட்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

3டி பிரிண்ட் போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: அளவு பார்க்க சரி. 3டி பிரிண்டுக்கு வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், வெயிலில் நின்ற காருக்குள் மைக்கை விட்டால் கேப்ஸ்யூல் தலை சாய்ந்துவிடும். அடுக்குகளுக்கு இடையே ஈரமும் அழுக்கும் தங்கும் என்பதால் பின்தகட்டை அதை நம்பி விட எனக்கு மனசில்லை. டெஃப்லானில் கடைந்த மவுண்ட் கிடைத்தால் அதுவே மேல், விலைதான் கடிக்கும்.

சி12 பாணி, அதாவது ஓரத்தில் ஒயர் எடுக்கும் கேப்ஸ்யூல் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்கவே வேண்டாம், அதைப் பிடிக்கும் விதமே வேறு. கே67 என்றால் தாராளமாக வாங்கலாம், கூடவே வாஷரையும் ஸ்பேசரையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள்.